முரசில் தொடங்கிய காய்ச்சல்

பல் தீட்டும்போது முரசில் இரத்தம் வருகிறது என்று யாராவது சிரித்துக்கொண்டு சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்தச் சிவந்த சதையைத்தான் எங்கள் பக்கத்தில் முரசு என்போம். சைக்கிள் திருத்த வருகிறவர்கள் கடை வாங்குப் பலகையில் இருந்துகொண்டு உலகத்துக் கதை எல்லாம் கதைப்பார்கள். அதில் ஒருவர் "முரசு கரையுது, வயது போனால் அப்பிடித்தானே" என்று சொல்லிவிட்டால் போதும், கையில் இருக்கிற குறட்டைக் கீழே போட்டுவிட்டு அவரோடு சண்டைக்கு நிற்பேன். எனக்கு விசர் என்று சிலர் நினைக்கிறார்கள். நினைக்கட்டும். "ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கோ, சின்னனிலை நெஞ்சிலை ஏதும் வருத்தம் இருந்ததெண்டால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கோ" என்று சொல்லாமல் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கமாட்டேன். பல்லுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். ஒருகாலத்தில் நானும் அதைக் கேட்டவன்தான்.

கிளிநொச்சியில் எனக்கு ஒரு சைக்கிள்கடை இருந்தது. தொண்ணூற்றாறில் ஆமி வர ஊரே எழும்பி ஓடியபோது கடையிலிருந்து கொண்டுவர முடிந்தது ஒரு காற்றுப் பம்பும் நட்டுக் கழற்றும் சாவிப் பெட்டியும்தான். காட்டோரம் கொஞ்சநாள், பள்ளிக்கூட விறாந்தையில் கொஞ்சநாள் என்று இழுபட்டு, கடைசியில் மல்லாவிக்கு வந்து ஒரு கொட்டில் போட்டோம். நாங்கள் என்றால் நான், என் மனைவி, எங்கள் மகள், என் அம்மா. மகளுக்கு அப்போதுதான் கதை வரத் தொடங்கியிருந்தது. சந்தைக்குக் கிட்ட ஒரு பாலைமரத்தடியில் பழையபடி தொழிலைத் தொடங்கினேன். அந்த நாள்களில் வன்னியில் சைக்கிள்தான் பஸ், சைக்கிள்தான் லொறி, அம்புலன்ஸும் சைக்கிள்தான். அதனால் வேலைக்குக் குறைவில்லை, சாமான்தான் இல்லை. தடை என்று சொல்லி ஆமிக்காரர் எதை விடுவார்கள், எதை மறிப்பார்கள் என்று ஒருவருக்கும் விளங்காது. சவர்க்காரம் ஒருநாள் வரும், பிறகு கண்ணிலும் காணக் கிடைக்காது. பற்பசை என்று ஒன்று இருந்ததையே மறந்துபோய்ச் சனம் உமிக்கரிக்குத் திரும்பியிருந்தது.

மனைவி கண்டாவளைப் பக்கத்து வயல்காரர் ஒருவரின் மகள். எங்களுடையது பேசிச் செய்த கலியாணம். மெலிந்த ஆள், கதையும் குறைவு, ஆனால் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். வெட்கம் என்று நினைத்திருந்தேன். மகள் பிறந்த பிறகு அவளுக்கு முரசு வீங்கத் தொடங்கியிருந்தது. காலையில் வாய் கொப்பளித்துத் துப்பினால் தண்ணீர் சிவப்பாக இருக்கும். அதை நான் பார்க்காமல் இருக்கத்தான் வேலிக்கரைக்குப் போய்ப் பல் தீட்டுவாள், அதற்காகத்தான் வாயையும் பொத்துவாள். பிள்ளை பெற்றால் பல் ஆடுகிறது வழமைதானே என்று அயலில் இருந்தவர்கள் சொன்னார்கள். எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் வாய் திறந்தால் கோழி கூரையில் ஏறிவிடும். மருமகளை உலக்கை தொட விடமாட்டார், கிணற்றில் வாளி போட விடமாட்டார். "உன்ரை இடி மாவுமில்லை குறுணலுமில்லை, அங்காலை போ" என்று உலக்கையைப் பறித்துக்கொண்டு தானே இடிப்பார். மனைவி குசினி மூலையில் போய் நின்று மூக்கை உறிஞ்சுவாள். "மாமிக்கு என்ரை கைபட்டால் ஒண்டும் பிடிக்காது" என்று என்னிடம் முறையிடுவாள். நான் அம்மாவிடம் போய்ச் சத்தம் போட்டால், அம்மா அதைவிடப் பெரிய சத்தத்தில் என்னைத் துரத்துவார்.

அம்மா வாய் வைக்காத காரியம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கிளிநொச்சியில் இருந்தபோது மனைவி மாதத்துக்கு ஒருதடவை தாய்வீட்டுக்குப் போய்வருவாள். போனால் அடுத்தநாள் பொழுதுபடத் திரும்பி வந்துவிடுவாள். வரும்போது மெல்ல நொண்டுவாள். கேட்டால் "பஸ்ஸிலை நிண்டு வந்தது" என்பாள். நான்தான் "அம்மாவின்ரை மடியிலை படுத்தெழும்பினியோ" என்று பகிடி பண்ணுவேன். அம்மா அந்த நேரம் பார்த்துக் கோழிக்குத் தீன் போட எழும்பிவிடுவார். இடம்பெயர்ந்த பிறகு மனைவியின் ஆட்கள் வற்றாப்பளைப் பக்கம் போய்விட்டார்கள். மல்லாவியிலிருந்து அது பக்கத்து ஊர் இல்லை. மாதப் பயணம் அதோடு நின்றுபோனது. போகவேண்டும் என்று அவளும் கேட்கவில்லை.

மல்லாவிக்கு வந்த அடுத்த வருடம் அவளுடைய கடைவாய்ப் பல் ஒன்று ஆடத் தொடங்கியது. பல்லைச் சுற்றி முரசு பழுத்துச் சீழ் வந்தது, கன்னம் வீங்கியது. கராம்பு வைத்தாள், புகையிலை வைத்தாள், உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள். ஒன்றுக்கும் அடங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பல் டொக்டர் வரும் நாள் பார்த்து அவளைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு போனேன். அம்மா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தார். பல் டொக்டருக்கு முன்னால் ஒரு வாங்கு. அதில் மனைவியும் அம்மாவும் ஒட்டி இருந்தார்கள். நான் கதவோடு நின்றேன்.

"நெஞ்சு வருத்தம், வாதக்காய்ச்சல், மூச்சுமுட்டு, வலிப்பு, ஏதும் இருக்கோ தங்கச்சி?"

முன்னால் போனவர்களிடம் கேட்டதைத்தான் அவளிடமும் கேட்டார். மனைவி ஒருதரம் அம்மாவின் பக்கம் பார்த்தாள். அம்மா குனிந்து மகளின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்டுமில்லை, சேர்" என்றாள்.

பல்லைக் கழற்றினார்கள். பஞ்சைக் கடித்துக்கொண்டு கரியரில் ஏறி என் முதுகில் சாய்ந்துகொண்டாள். அன்று பின்னேரம் கஞ்சி குடித்துவிட்டு "அப்பாடா, இப்பத்தான் உலகம் தெரியுது" என்று சொன்னாள். நானும் பெரிய காரியம் ஒன்றை முடித்தவன்போல மரத்தடிக்குப் போனேன்.

காய்ச்சல் அதற்குப் பிறகு வந்தது. பகலில் நன்றாக இருப்பாள். பொழுதுபடக் குளிர் பிடிக்கும், பல்லுக் கிட்டும், பிறகு வேர்த்து ஊற்றும். வன்னியில் இதற்கு டொக்டர் தேவையில்லை. குளிர்ந்து நடுங்கினால் மலேரியா என்று மூன்று வயதுப் பிள்ளையும் சொல்லும். அந்த நாள்களில் மலேரியா வராத ஆளை எங்கள் பக்கத்தில் காட்டவே முடியாது, வந்து போகும் விருந்தாளி மாதிரித்தான். விரலில் குத்தி இரத்தம் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள். "இருக்கும், ஒளிச்சிருக்கும்" என்றார் கடைக்கு வந்த ஒருவர். அவரும் மலேரியாக்காரர், அனுபவம் உள்ளவர். நாங்கள் நம்பினோம். குளிசை விழுங்கினாள். காது இரைகிறது என்று இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். மறுபடி இரத்தம் பார்த்தார்கள், மறுபடியும் இல்லை. வயிற்றின் இடப்பக்கம் அமத்தினால் மண்ணீரல் கைக்குத் தட்டுப்பட்டது. பிறகென்ன, மலேரியாவேதான் என்று எல்லோருக்கும் நிம்மதி. மறுபடி குளிசை.

அவள் என் கண்ணுக்கு முன்னால் வற்றினாள். சட்டை தோளில் நிற்காது. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க விரல் நுனி நோகிறது என்று இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் குடித்தாள். கிணற்றடிக்கு நடந்து வந்தால் நின்று மூச்சு வாங்குவாள். அம்மா வேப்பம்பட்டை அவித்துக் கொடுத்தார். வற்றாப்பளை அம்மனுக்கு வைகாசிப் பொங்கலுக்கு வருகிறேன் என்று நேர்ந்து மஞ்சள் துணியில் முடிச்சுப் போட்டார். எனக்கு அம்மனிலும் கோபம் வந்தது. இவ்வளவு சனம் இவ்வளவு முடிச்சுப் போட்டிருக்கிறது, எங்களுடையதை அவ எப்போது அவிழ்ப்பா என்று கேட்டேன். அம்மா என் வாயில் அடித்தார். மகள் பயந்து அழுதாள். அந்தக் கொட்டிலுக்குள் நாங்கள் நாலு பேரும் அழுத ஒரே நாள் அதுதான்.

மறுநாள் மனைவியால் நடக்க முடியவில்லை. கரியரில் இருக்கவும் பலமில்லாமல் சரிந்தாள். அம்மா ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு கூடவே நடக்க, நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டில் எல்லாம் ஆட்கள், கட்டிலுக்குக் கீழேயும் பாய் போட்டு ஆட்கள். அன்று இருந்த டொக்டர் இளம்பொடியன், நித்திரை இல்லாத கண். நாடி பார்க்கக் கையைப் பிடித்தவர் கையை விடவில்லை. ஒவ்வொரு விரலாகத் திருப்பி நகத்தை வெளிச்சத்தில் பார்த்தார். நகத்துக்குக் கீழே சிராம்பு குத்தினதுபோலக் கறுப்பாய்ச் சின்னச் சின்னக் கோடுகள் இருந்தன. நாங்கள் அதை உமிக்கரி என்று நினைத்திருந்தோம். பிறகு குழாயைக் காதில் மாட்டி நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இடம் மாற்றி மாற்றிக் கேட்டார். கடைசியாக வாயைத் திறக்கச் சொன்னார்.

"எப்ப பல்லுக் கழட்டினது?"

நான் சொன்னேன்.

"சின்னனிலை மூட்டு மூட்டாய் வீங்கிக் காய்ச்சல் வந்ததோ? மாதத்துக்கொருக்கால் ஊசி போட்டனீங்களோ?"

அவள் என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு கூரையைப் பார்த்தாள். நான் இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். எனக்குத் தெரிந்து அவளுக்கு அப்படி ஒன்றும் கிடையாது.

"ஓம் டொக்டர்" என்றார் அம்மா. "பள்ளிக்கூடம் போற வயதிலை வந்தது. நெஞ்சிலை வால்வு பழுதெண்டு சொன்னவையாம். மாதா மாதம் ஊசி போட்டவ. இடம்பெயர்ந்து வந்தாப்போலை ஒண்டும் போடேல்லை."

மாதா மாதம் தாய்வீட்டுக்குப் போய் நொண்டிக்கொண்டு வந்தது இந்த ஊசிக்குத்தான். மனைவி எழும்ப முயன்றாள், முடியவில்லை.

"மாமி... உங்களுக்குத் தெரியுமே?"

"தெரியும் பிள்ளை. உனக்கு வயித்திலை பிள்ளை வந்த உடனை உன்ரை அம்மா வந்து சொன்னவ. பாரம் தூக்க விடாதேங்கோ, ஆனால் உங்களுக்குத் தெரியுமெண்டு அவளுக்குக் காட்டாதேங்கோ, வெக்கத்திலை செத்துப்போவாள் எண்டு என்ரை கையைப் பிடிச்சு அழுதவ."

மாப்பிள்ளை வீட்டாருக்கு மூச்சுக் காட்டக்கூடாது என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அதே தாய்தான். நெஞ்சு வருத்தக்காரி என்று தெரிந்தால் எங்கள் சனத்தில் பெண்ணைக் கேட்டு வரமாட்டார்கள். வந்த கலியாணத்தைக் கலைக்கவும் ஆள் இருக்கும். அதற்காக மகளின் வாயைக் கட்டினார். பிறகு மகள் உலக்கை பிடித்துச் செத்துவிடுவாள் என்று பயந்து சம்பந்தியிடம் வாயைத் திறந்தார். நடுவில் இரண்டு பெண்களும் ஒரே கொட்டிலில், ஒரே அடுப்பில், ஒருவருக்கொருவர் ஒளித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஒன்றும் தெரியாத முழு மாடு நான் ஒருவன்தான்.

"அப்ப ஏன் மாமி அண்டைக்குப் பல்லு டொக்டரிட்டைச் சொல்லேல்லை?" என்று மனைவி கேட்டாள்.

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டாள். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்தார்.

"நீ இல்லையெண்டிட்டாய். அத்தினை பேருக்கு முன்னாலை உன்னைப் பொய்காரியாக்கி எப்பிடியம்மா நான் சொல்லுறது? பல்லுத்தானே எண்டு நினைச்சன். பல்லுக்கும் நெஞ்சுக்கும் என்ன எண்டு நினைச்சன்."

டொக்டர்தான் எங்களுக்கு அதை விளங்கப்படுத்தினார். முரசு பழுத்தால் அதில் இருக்கிற கிருமி இரத்தத்துக்குள் இறங்கும். நல்ல நெஞ்சென்றால் அது தங்க இடமில்லாமல் போய்விடும். பழுதான வால்வில் போய் ஒட்டினால் அங்கேயே இருந்து பெருகி வால்வைத் தின்னும். வால்வு என்றதும் எனக்கு என் தொழில்தான் ஞாபகம் வந்தது. சைக்கிள் ரியூப்பில் இருக்கும் வால்கட்டை காற்றை உள்ளே விடும், வெளியே போகாமல் மறிக்கும். "அதுமாதிரியோ சேர்?" என்று கேட்டேன். "அதேதான்" என்றார். அதற்குப் பிறகு நான் அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. உள்ளுக்கு ரப்பர் பழுதான வால்கட்டை எப்படி இருக்கும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

"பல்லுக் கழட்ட முதல் மருந்து குடுத்திருந்தால் நல்லம்தான்" என்றார் டொக்டர். "ஆனால் முரசு கனநாளாய்ப் பழுத்துக் கிடந்திருக்கு. பல்லைத் தொடாட்டிலும் வந்திருக்கலாம். நீங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து அழாதேங்கோ." இரண்டு பேரும் தலையாட்டினார்கள். இரண்டு பேரும் அதை நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

எனக்குக் கோபம் வந்ததோ என்று கேட்டால், வந்தது. கட்டினவனுக்குச் சொல்லாமல் இத்தனை வருடம் என்ன நாடகம் என்று கத்தவேண்டும்போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? ஒருத்தி மூச்சுக்குத் தவிக்கிறாள், மற்றவர் தலையில் கைவைத்து நிலத்தில் இருக்கிறார். ஆஸ்பத்திரி வேலிக்கு வெளியே போய்ச் சைக்கிளை ஓங்கி உதைத்தேன். அதுவும் என் சைக்கிள்தான், நானே பிறகு கம்பி நிமிர்த்தவேண்டி வந்தது.

ஊசி தொடங்கினார்கள். பகலும் இரவும் நேரம் தவறாமல் நாளத்தில் ஏற்றவேண்டும், வாரக்கணக்கில் ஏற்றவேண்டும். மருந்துக்குத் தட்டுப்பாடு. மருந்து லொறி வருகிறதாம் என்று கேள்விப்பட்டால் போதும், தெருவுக்கு ஓடிப்போய்ப் பார்ப்பேன். இருந்ததை வைத்து அந்த டொக்டர் எப்படியோ இழுத்தார். காய்ச்சல் விட்டது. ஒருநாள் மத்தியானம் அவள் சோறும் பருப்பும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் மரத்தடியில் பாட்டுப் பாடிக்கொண்டு ரியூப் ஒட்டினேன். வெட்கமில்லாமல் அவ்வளவு சந்தோசம்.

அம்மா ஆஸ்பத்திரியை விட்டு அசையவில்லை. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் விரலில் வெள்ளைத் துணியைச் சுற்றி, ஆறவைத்த உப்புத் தண்ணீரில் தோய்த்து, மருமகளின் முரசை ஒவ்வொரு பல்லாகத் துடைத்துவிடுவார். அமத்தாமல், பிறந்த பிள்ளையின் வாயைத் துடைப்பதுபோலத் துடைப்பார். முதலில் துணி சிவப்பாக வரும். அதை அவள் காணாமல் அம்மா மடித்துக்கொள்வார். "மாமி, உங்களுக்கு அருவருப்பில்லையோ?" என்று கேட்டதற்கு, "வாயை மூடாதை, கடைசிப் பல்லு கிடக்கு" என்று அதட்டினார். இத்தனை வருடத்தில் அவர்கள் இரண்டு பேரும் அவ்வளவு கதைத்து நான் கண்டதில்லை. நான் போனால் கதையை நிறுத்திவிடுவார்கள்.

ஒரு பின்னேரம் அம்மா தண்ணீர் எடுக்கப் போன நேரம் அவள் என் கையைப் பிடித்தாள்.

"இஞ்சருங்கோ, கோவமோ?"

"ஓம், கோவம்தான்."

"முதலே சொல்லியிருந்தால் என்னைக் கட்டியிருப்பியளோ?"

"கட்டியிருப்பன்" என்றேன், மூச்சு விடாமல்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு கையும் போர்வைக்கு மேலேயே கிடந்தன. "நல்லாய்ப் பொய் சொல்லுறியள்" என்றாள். எனக்கே அது பொய்யா மெய்யா என்று இன்றைக்கும் தெரியாது. அவளைக் கட்டாத ஒரு வாழ்க்கை எனக்கு வேண்டாம் என்பது மட்டும் அந்த இடத்தில் தெரிந்தது. அதை அவளிடம் சொன்னேன். சொல்லக் கிடைத்ததே பெரிய காரியம்.

பிறகு மூச்சு முட்டத் தொடங்கியது. படுக்க முடியாது, தலையணை வைத்துச் சாய்ந்தே இருக்கவேண்டும். கால் வீங்கியது. டொக்டர் என்னை விறாந்தைக்குக் கூப்பிட்டார். கிருமி அடங்கிவிட்டது, ஆனால் போகும் முன் வால்வைக் கிழித்துவிட்டது, இனி ஊசிக்கு வேலை இல்லை, கத்திக்குத்தான் வேலை என்றார். வவுனியாவுக்கு அனுப்பி அங்கிருந்து கொழும்புக்கு. சொன்ன மாதிரியிலேயே அவருக்கு நம்பிக்கை குறைவு என்று விளங்கியது. எனக்கு அது போதும், குறைந்த நம்பிக்கையையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

வவுனியா என்ன, வானத்திலா இருக்கிறது? முந்திக் கிளிநொச்சியில் காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே நிற்கலாம். இப்போது இந்தப் பக்கத்து இயக்கத்தின் பாஸ் வேண்டும், அந்தப் பக்கத்து ஆமியின் அனுமதி வேண்டும், நடுவில் சண்டை ஓயவேண்டும், பாதை திறக்கவேண்டும், நோயாளரை ஏற்றும் வாகனம் வரவேண்டும். ஒன்று கிடைத்தால் ஒன்று கிடைக்காது. பாஸ் கிடைத்த அன்றைக்குப் பாதை பூட்டினார்கள். ஒவ்வொரு நாளும் போய் நின்றேன். காலில் விழுந்தேன், கத்தினேன், பிறகும் காலில் விழுந்தேன். "எல்லாருக்கும் அவசரம்தான் அண்ணை" என்றார்கள். அது பொய்யில்லை. எனக்குப் பின்னால் கால் போனவனும் பிள்ளைத்தாய்ச்சியும் நின்றார்கள். தூரத்தில் ஷெல் விழும் சத்தம் கேட்கும்போதெல்லாம், உயிருக்குப் பயப்படுகிறதை விட்டுவிட்டு, பாதை இன்றைக்கும் இல்லை என்றுதான் நினைப்பேன்.

பாதை திறந்தது. வாகனம் வந்தது. நோயாளியோடு ஒருவர்தான் போகலாம். நான் உடுப்புப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறப் போனேன்.

"மாமி வரட்டும்" என்றாள் அவள், மூச்சை இழுத்து இழுத்து. "உங்கடை வயது ஆம்பிளையளை அங்கை பிடிச்சு வைச்சிருக்கிறாங்கள். நீங்கள் பிள்ளையைப் பாருங்கோ."

அம்மா என் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டு ஏறினார். ஏறினதும் மருமகளின் தலையை எடுத்துத் தன் நெஞ்சோடு சாய்த்துக்கொண்டார். மகள் என் இடுப்பில் இருந்து கை காட்டினாள். மனைவியும் விரலை மட்டும் தூக்கிக் காட்டினாள். புழுதி அடங்கும்வரை நின்றேன். பிறகு மரத்தடிக்குத்தான் போனேன், வேறு எங்கே போவது?

அதற்குப் பின்னால் பாதையை மறுபடி பூட்டிவிட்டார்கள். அந்தப் பக்கம் போய்வந்த வாகனத்தில் இருந்தவர் ஒருவர்தான் செய்தி கொண்டுவந்தார். சைக்கிள் திருத்த வந்தவர்போல வாங்கில் இருந்தார். கொழும்புக்கு அனுப்ப ஆயத்தம் செய்துகொண்டிருக்கும்போதே வவுனியாவில் முடிந்துவிட்டதாம். காரியமும் முடிந்துவிட்டதாம். அவர் சொல்லும்போது நான் ஒரு சைக்கிள் சில்லைப் பிடித்துச் சுற்றிக்கொண்டே இருந்தேன். சுற்றுவதை நிறுத்தினால் அது உண்மையாகிவிடும் என்று இருந்தது.

அம்மா திரும்பி வரப் பாதை திறக்கவேண்டியிருந்தது. வந்தபோது அம்மா பாதி ஆளாக இருந்தார். பையைக் கீழே வைத்தார். அதற்குள் மருமகளின் உடுப்பு மடித்தபடி இருந்தது. முகம் கழுவினார். வெறுந்தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், குடித்தார். மகள் வந்து மடியில் ஏறி, களைத்து, அப்படியே உறங்கிவிட்டாள். எனக்கு ஒரு கேள்விதான் கேட்க இருந்தது. கட்டினவன் இங்கே, அவளின் தகப்பன், சகோதரங்கள் வற்றாப்பளையில். எங்கள் சனத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, வீட்டு வாசல் படலையோடு நின்றுவிடுவார்கள்.

"ஆரம்மா கொள்ளி வைச்சது?"

"நான்தான்" என்றார். "ஆம்பிளையள் ஆரும் இருக்கோ எண்டு கேட்டாங்கள். இல்லையெண்டன். கூலிக்கு ஆள் பிடிச்சு வைக்கலாம் எண்டாங்கள். என்ரை பிள்ளைக்கு ஏன் ஆரோ வைக்கவேணும்? நான் போய் வைச்சனான்."

நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மா அழவில்லை. மகளின் தலையைத் தடவிக்கொண்டு, எனக்குச் சொல்லவேண்டிய முக்கியமான சங்கதி ஒன்று இன்னும் மிச்சம் இருக்கிறதுபோலக் குனிந்து மெல்லச் சொன்னார்.

"வாய்க்கரிசி போட வாயைத் திறந்து பார்த்தனான் மோனை. முரசு எல்லாம் வடிவாய் ஆறியிருந்தது."